148, 192ஐவிடப் பெரியது

"பொண்ணு பேரு சொல்லுங்க மேடம்" என்றான் பிரவுசிங் சென்டர் பையன்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடை அது. ஆதார் திருத்தம், பான் கார்டு, ரயில் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் எங்கள் தெருக்காரர்கள் அங்கேதான் போவோம். 2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. கணிதம் சேர்வதற்காகப் போயிருந்தேன். என் பெயரைச் சொன்னேன். அடித்தான். பிறந்த வருடம் 1979 என்றதும் கை நின்றது.

"அம்மாவோட டீடெய்ல் அப்புறம் வரும் மேடம். முதல்ல ஸ்டூடண்ட்டோடது."

"நான்தாம்பா ஸ்டூடண்ட்."

அவன் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவன்மேல் எனக்கு மரியாதை உண்டு. கல்வித் தகுதிக் கட்டம் வந்தபோது எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் தமிழ். கடைசியில் திரும்பிப் பார்த்து, "அதான் டாக்டர் பட்டமே இருக்கே மேடம், இது எதுக்கு?" என்றான்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்த "எதுக்கு" பலர் வாயிலிருந்து வந்தது. துறையில் உடன் வேலை பார்ப்பவர், "இதுக்கு இன்கிரிமென்ட் உண்டா?" என்று கேட்டார். அண்ணன் தொலைபேசியில், "ரிட்டயர் ஆகுற வயசு நெருங்குது, ரெஸ்ட் எடு" என்றான். அம்மா கேட்கவில்லை, நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும்போதெல்லாம் டிவி சத்தத்தை மட்டும் குறைத்தாள். அம்மாவும் நானும் மட்டும் இருக்கும் வீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அப்பா 2015இல் இறந்துவிட்டார். டிவி சத்தம் குறைந்ததற்கு ஒரு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

முதலில் 1996ஐச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு நான் பிளஸ் டூ முடித்தேன். முதல் குரூப், தமிழ் வழி. கணக்கில் 200க்கு 192. எங்கள் பள்ளியில் அது பெரிய மதிப்பெண். அண்ணன் எனக்கு ஒரு வருடம் முந்தியவன். அவனுக்குக் கணக்கில் 148. ஆனாலும் அவன் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்துவிட்டான். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் தொழிலாளி. பி.எஃப். லோன் போட்டு அண்ணனைச் சேர்த்தார். நான் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அவனுடைய இரண்டாம் ஆண்டுக் கட்டணம் வந்து நின்றது.

நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் கணிதத்துக்கு விண்ணப்பித்தேன். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் நிரம்பிவிட்டது. சுயநிதிப் பிரிவில் இடம் இருந்தது. வருடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ஆகும். தமிழ் இலக்கியத்தில் உதவி பெறும் பிரிவிலேயே இடம் இருந்தது. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அப்பா என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தொகைகளையும் ஒரு சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். அண்ணனின் கட்டணத்தைப் பக்கத்தில் எழுதினார். கோடு போட்டுக் கூட்டினார். "கணக்கு எடுத்தா டியூஷன் வேற வைக்கணும். தமிழ்னா நீயே படிச்சுக்குவ" என்றார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. நன்றாக வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே எடுத்த முடிவு அது. எங்கள் வீட்டில் 148, 192ஐவிடப் பெரியதாக இருந்தது. அதற்கு யாரும் நிரூபணம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தமிழ் எனக்குத் தண்டனையாகவும் அமையவில்லை. இதை எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். மீதியிருந்த இடத்தில் வந்து சேர்ந்தவள், ஆறு மாதத்தில் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். சங்கப் பாடல்களும் இலக்கண உரைகளும் என்னை வளர்த்தன. கவிதை எழுத வைத்தன, சோறு போட்டன. ஆனால் தேர்ந்தெடுத்த ஒன்றின்மேல் இருக்கும் அன்புக்கும், வந்து வாய்த்த ஒன்றின்மேல் வளர்த்துக்கொண்ட அன்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. பெண்களுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரியும். பெரும்பாலான கல்யாணங்கள் அங்கேதான் நடக்கின்றன.

நான் படித்த நகரம் கல்விக்குப் பேர்போனது. புனித வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பிறகு திருச்சிக்கு வந்தது. பெண்களுக்கென்று இங்கே ஹோலி கிராஸ் கல்லூரி வந்தது 1923இல். சீதாலக்ஷ்மி ராமஸ்வாமி கல்லூரி 1951இல். முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் 79 வருடம். 1923இல் அந்தக் கதவு திறந்திராவிட்டால், உதவி பெறும் தமிழ் இடம்கூட எனக்குக் கிடைத்திருக்காது. இதையும் சேர்த்துத்தான் என் கணக்கைப் போட வேண்டும்.

*

பாடப் புத்தகங்கள் தபாலில் வந்தன. எல்லாம் ஆங்கிலம். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு நான் தமிழில் படித்த கணக்கை இப்போது ஆங்கிலத்தில் எதிர்கொண்டேன். முதல் வேலையாக ஒரு நோட்டுப் போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். எல்லை, சார்பு, வகையிடல், தொகையிடல், கணம், வளையம், புலம். அகராதி போடுவது என் தொழில், அது கைகொடுத்தது.

அந்த ஆண்டின் இறுதியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள். 2023 மார்ச் வரை ஸ்ரீரங்கத்திலிருந்து நகரத்துக்குப் பேருந்துகள் சுற்றிக்கொண்டு போயின. ஊரே புலம்பியது. எனக்குப் போக அரை மணி, வர அரை மணி கூடுதலாகக் கிடைத்தது. என் நுண்கணிதத் தாளை நான் பெரும்பாலும் அந்தச் சுற்றுப் பேருந்தில்தான் படித்தேன். பாலம் திறந்த அன்று ஊரில் எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

சொற்களில் என்னை நிறுத்தியது 'குலம்'. ஆங்கிலத்தில் 'குரூப்' என்பதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்த பெயர். ஒரு கணத்தை எடுத்துக்கொள்கிறோம். அதன் உறுப்புகளைச் சேர்க்க ஒரு செயலியை வைத்துக்கொள்கிறோம். சில விதிகள் பொருந்தினால் அது குலம். முதல் விதி அடைவு: இரண்டு உறுப்புகள் சேர்ந்தால் கிடைப்பதும் அதே குலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்; வெளியே போகக் கூடாது. இதைப் பேருந்தில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த விதிக்காக எங்கள் மாவட்டத்தில் எத்தனை பெண் பிள்ளைகளின் கைப்பேசிகள் பிடுங்கப்பட்டிருக்கின்றன என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.

இன்னொரு விதி, குலத்தில் ஒரு சமனி உறுப்பு இருக்க வேண்டும் என்பது. அது யாரோடு சேர்ந்தாலும் அவரை மாற்றாது. கூட்டலில் 0, பெருக்கலில் 1. ஐந்தோடு 0 சேர்ந்தால் ஐந்து. நூறோடு 0 சேர்ந்தால் நூறு. புகுந்த வீட்டில் நல்ல மருமகள் என்று பெயர் வாங்கிய என் தோழிகள் பலரிடம் எதிர்பார்க்கப்பட்டது இதுதான்: வந்து சேரலாம், எதையும் மாற்றக் கூடாது. எண்களுக்கு இதில் எந்தக் குற்றமும் இல்லை. சொல்லை வைத்த தமிழறிஞர்களும் சாதியை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் 'குலம்' என்ற சொல்லை எந்தப் பெண்ணும் வெறும் கணக்காகப் படித்துவிட முடியாது.

கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது நிரூபணம். என் துறையில் ஒரு பாடபேதம் பற்றி விவாதம் வந்தால் இளம்பூரணர் என்ன சொன்னார், நச்சினார்க்கினியர் என்ன சொன்னார், எந்தப் பதிப்பாசிரியர் எதை ஏற்றார் என்று பெயர்கள் வந்து வரிசையில் நிற்கும். அது தவறில்லை, எங்கள் துறை அப்படித்தான் இயங்க முடியும். நிரூபணத்தில் பெயருக்கு வேலையில்லை. ஒவ்வொரு வரியும் முந்தின வரியிலிருந்து வர வேண்டும். வரவில்லையென்றால் எழுதியவர் யாராக இருந்தாலும் மாணவி கையைத் தூக்கலாம். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்க்கப்பட்ட ஒருத்திக்கு, நாற்பத்து மூன்று வயதில்கூட அது தலைசுற்ற வைக்கும் சுதந்திரம்.

நிரூபணத்துக்குப் பால் வேறுபாடு இல்லை. நிரூபணம் நடக்கும் கட்டடங்களுக்கு உண்டு. ஜெர்மனியில் எம்மி நோய்தர் 1915இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டார். நவீன இயற்கணிதத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். பெண் என்பதால் அவரை ஆசிரியராக ஏற்க மறுத்தார்கள். தன் வகுப்புகளை ஹில்பர்ட்டின் பெயரில் அறிவித்துத்தான் அவர் நடத்த வேண்டியிருந்தது. சொந்தப் பெயரில் கற்பிக்கும் தகுதி 1919இல்தான் கிடைத்தது. குலம், வளையம் என்று நான் படிக்கும் பாடத்தில் அவர் கை படாத பக்கம் குறைவு.

நம் ஊரிலும் கணக்கு குறைவாக இருந்ததில்லை. முதுகலையில் கணக்கதிகாரமும் எண்சுவடியும் பற்றிப் படித்திருக்கிறேன். நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். முந்திரி என்றால் 1/320. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இதையெல்லாம் பாராமல் ஒப்பிப்பார்கள். அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி 1826இல் அதைத் தொகுத்தார். பள்ளிகளில் இருந்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540. நாற்பது பேரில் ஒருத்திகூட இல்லை. திண்ணைக்குள்ளே முந்திரி, காணி சொல்லிக் கொடுக்கப்பட்ட அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் அந்த வீட்டுப் பெண்கள் படியும் உழக்கும் ஆழாக்குமாக ஒரு குடும்பத்தின் வருட நெல்லை வருடக் கடைசிவரை வருமாறு பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சுவடி கிடையாது.

திருச்சியிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில், குளித்தலைப் பக்கம், ராஜேந்திரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இன்று கரூர் மாவட்டம். அந்தக் காலத்தில் எங்கள் திருச்சி மாவட்டம். 1909இல் அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இருபத்தொன்று. கல்லூரித் தேர்வுகளில் தோற்றுப் பட்டம் வாங்காமல் இருந்தவர். அவர் பெயர் ராமானுஜன். சிறுமியின் பெயர் ஜானகி. அவர் 1914இல் இங்கிலாந்து போனார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. 1919இல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரலில் இறந்தார். ஜானகி அம்மாள் இன்னும் 74 வருடம் வாழ்ந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவர் பேட்டியில் கேட்டது கடல் கடந்து போனது. உலகெங்கும் இருந்த கணித அறிஞர்கள் பணம் போட்டு 1980களில் மார்பளவுச் சிலை செய்து அவர் வீட்டுக்கே அனுப்பினார்கள்.

கரூர்ப் பக்கம் கருத்தரங்குகளுக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் ரயில் போகும். ஜானகி அம்மாளிடம் நாம் கேட்டதெல்லாம் அவர் கணவரைப் பற்றிய கேள்விகள். உங்களுக்கு என்ன படிக்க ஆசையாக இருந்தது என்று பத்து வயதில் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன்.

*

2023 ஜூனில் மெய்ப்பகுப்பாய்வுத் தாளில் தோற்றேன். தேர்ச்சிக்கு ஒன்பது மதிப்பெண் குறைவு. வாழ்நாளில் நான் எந்தத் தேர்விலும் தோற்றதில்லை. பிரவுசிங் சென்டர் பையன் முடிவைத் திரையில் காட்டிவிட்டு, "ரீவேல்யூவேஷன் போடலாமா மேடம்?" என்று மெல்லக் கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்கே தெரியும், நான் புரியாமல்தான் எழுதியிருந்தேன்.

எனக்குப் புரியாமல் போனது 'தொடர்ச்சி'க்கும் 'சீரான தொடர்ச்சி'க்கும் உள்ள வேறுபாடு. தொடர்ச்சி என்பதை ஓர் உரையாடலாகச் சொல்லலாம். விடை இவ்வளவுக்குமேல் பிசகக் கூடாது என்று நீங்கள் ஓர் எண்ணைக் கேட்கிறீர்கள், அது எப்சிலான். அப்படியானால் உள்ளே போடுவதில் இவ்வளவுவரை முன்னே பின்னே இருக்கலாம் என்று நான் ஓர் எண்ணைத் தருகிறேன், அது டெல்டா. நீங்கள் எவ்வளவு சிறிய எப்சிலானைக் கேட்டாலும் அதற்கு ஒரு டெல்டாவை என்னால் தர முடிந்தால் அந்தச் சார்பு அந்த இடத்தில் தொடர்ச்சியானது. இதுவரை சரி. எண்ணை வர்க்கப்படுத்துவதையே எடுத்துக்கொள்வோம். விடை 0.1க்குமேல் பிசகக் கூடாது என்று கேட்டால், 1க்குப் பக்கத்தில் 0.04 வரை நகரலாம். 10க்குப் பக்கத்தில் 0.004தான் நகர முடியும். 100க்குப் பக்கத்தில் 0.0004. போகப் போக இடம் சுருங்குகிறது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே டெல்டாவைத் தர முடியுமா? தர முடிந்தால் அது சீரான தொடர்ச்சி. வர்க்கத்துக்கு எண்கோடு முழுவதும் அப்படித் தர முடியாது.

இப்போது தெளிவாக எழுதிவிட்டேன். அன்று இது தெளிவாக இல்லை. தேர்வு முடிவு வந்த இரவு சமையலறை மேடையில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா மறுநாளுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று. 1968இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாவற்றையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஆணியில் குத்தி வைப்பாள்.

"என்னதான் அதுல வரலைன்னு சொல்லேன்" என்றாள். அதுதான் அவள் முதல் தடவையாகக் கேட்டது.

சொல்லத் தெரியாமல் சொன்னேன். "சாதம் குழையக் கூடாது, விறைக்கவும் கூடாதுன்னு வச்சுக்கம்மா. அப்போ தண்ணி எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்?"

"பொன்னின்னா டம்ளருக்கு மூணு. ஒரு கரண்டி கூடக் குறைய இருக்கலாம்."

"எல்லா அரிசிக்கும் அப்படியா?"

"அது எப்படி? பழைய அரிசி ஒரு கரண்டி கூடப் போனாலும் தாங்கும். புது அரிசிக்கு அரைக் கரண்டி கூடப் போனா கூழாயிடும். அந்தந்த அரிசியப் பாத்துதான் ஊத்தணும். எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு எவ சொல்லுவா?"

கணிதக்காரர்கள் இந்த உவமையில் நூறு ஓட்டை கண்டுபிடிப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் அது போதுமாக இருந்தது. அந்தந்த அரிசிக்கு ஓர் அளவு உண்டு என்பது தொடர்ச்சி. எல்லா அரிசிக்கும் ஒரே அளவு உண்டு என்பது சீரான தொடர்ச்சி. இரண்டு வாக்கியத்திலும் ஏறக்குறைய அதே சொற்கள்தான். வரிசை மாறினால் பொருள் மாறிவிடுகிறது. இலக்கண வகுப்பில் இருபது வருடமாக நான் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். மேடையிலேயே நின்று நான்கு பக்கம் எழுதினேன். அம்மா குக்கரை மூடி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அப்போ எங்கிட்ட பணம் இருந்துச்சு பாப்பா."

எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

"பத்தாயிரம் ரூபா சீட்டு. மே மாசம் எடுத்தேன். உங்கப்பாவுக்குத் தெரியாது. நீ கணக்குதான் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டா எடுத்துக் கொடுத்துரலாம்னு பீரோவுல வச்சிருந்தேன். நீ கேப்ப கேப்பன்னு பாத்தேன். நீ பாட்டுக்குச் சரின்னுட்ட. அப்புறம் அது உங்கண்ணன் மெஸ் பில்லுக்குப் போச்சு."

குக்கர் காலியாக, அடுப்பு அணைந்து இருந்தது. வெளியே கடைசி ஒன்றாம் நம்பர் பேருந்து போகும் சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் நீயாகச் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தக் கோபத்தோடு அவளைப் பார்த்தேன். அந்தப் பணத்தை ஏன் அப்பாவுக்குத் தெரியாமல் வைத்திருந்தாள்? தெரிந்தால் அது யாருக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். மகள் கேட்டால் மட்டுமே அதை வெளியே எடுக்கும் துணிச்சல் அவளுக்கு வரும். கேட்காத மகளுக்காக நியாயம் பேச அவளால் முடியாது. நான் ஏன் கேட்கவில்லை? பதினேழு வயதில் எனக்கு நல்ல பெண் என்ற பெயர் இருந்தது. கேட்காமல் இருந்ததற்காகக் கிடைத்த பெயர். அதைக் கொடுத்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. நான் கேட்பதற்காக அவள் காத்திருந்தாள். கேட்கக் கூடாது என்று என்னை வளர்த்ததும் அவள்தான். அவளை அப்படி வளர்த்தவள் என் பாட்டி. எப்சிலானைக் கேட்க ஆள் இல்லாததால் டெல்டா பீரோவிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் அண்ணனை அழைத்துச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கு இன்ஜினியரிங் வேணுமான்னும் யாரும் கேக்கல" என்றான். நான்கு அரியரோடு அந்தப் படிப்பை முடித்து, அதற்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருபது வருடமாக இருப்பவன். 148 பெரியது என்று தீர்ப்பானதில் அவனுக்கும் லாபம் குறைவுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை அவனிடம் சொன்னேன்: அவன் கேட்காமலே அவனுக்குக் கிடைத்தது, நான் கேட்டால்கூடக் கிடைக்குமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டான்.

டிசம்பரில் அந்தத் தாளை மறுபடி எழுதினேன். தேர்வறையில் கண்காணிப்பாளராக வந்தவள் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த பழைய மாணவி. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் போனாள். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். என் விடைத்தாளில் கையெழுத்திடும்போது அவள் கை கொஞ்சம் நடுங்கியது. கடைசி மணி அடித்ததும் எல்லோரிடமும் பிடுங்குவதுபோல் என்னிடம் பிடுங்க முடியாமல், "நேரமாச்சு மிஸ்" என்று காதருகே சொன்னாள். ஒரு வரி பாக்கியிருந்தது. கொடுத்துவிட்டேன். தேர்ச்சி பெற்றேன். பெரிய மதிப்பெண் இல்லை.

*

ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் துறையின் சேர்க்கை மேசையில் உட்காருவது என் வேலை. சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண். பின்னால் அப்பா, அவருக்கும் பின்னால் அம்மா. அந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு 1996 வந்துவிட்டது. இதோ இன்னொருத்தியை மீதியிருக்கும் இடத்தில் தள்ளுகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன்.

"கணக்கு கேக்கலையாம்மா நீ? பயப்படாம சொல்லு" என்றேன்.

"இல்ல மேம். எனக்குத் தமிழ்தான் வேணும். அப்பாதான் கணக்கு எடுக்கச் சொல்றாங்க."

அப்பா முன்னுக்கு வந்தார். "மேத்ஸ்னா பி.எட். முடிச்சு எங்கயாவது டீச்சரா போயிரும். வீட்டுல டியூஷன் எடுத்தாக்கூடப் பொழைச்சுக்கும். நீங்களாவது சொல்லுங்க மேடம்."

நான் அசடு வழிந்தேன். எந்தப் பாடம் என்பதில் என் மனம் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைவிட எளிய ஒன்றைச் செய்துவிட்டாள்: கேட்டுவிட்டாள். இவளிடம் சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு, "அது கேட்டதையே கொடுங்க" என்றார். கையிலிருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் இப்போது என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த பரிமளா, 2010இல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டின் முழு அமர்வில் உரையாற்றியதைப் பற்றி ஒருநாள் வகுப்பில் சொன்னேன். தமிழ் வகுப்பில் இது எதுக்கு மேம் என்று கேட்டது அவள்தான். அவள் கேட்கலாம்.

எனக்கு இன்னும் இயற்கணிதம் பாக்கியிருக்கிறது. டிசம்பரில் தேர்வு. பையனின் "எதுக்கு"க்கு என்னிடம் இன்றும் நல்ல பதில் இல்லை. அப்போது கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன் என்பதைத் தவிர. நேற்று இரவு அம்மா டிவியை அணைத்துவிட்டு வந்து, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து வெற்றுப் பக்கத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அந்தக் குலம்னா என்னன்னு சொல்லு" என்றாள். "மெதுவாச் சொல்லு. நடுவுல கேள்வி கேப்பேன்."